தண்ணீருக்குள் போன அமெரிக்க டவுன்: பட்லர் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மவுசாக்கலை மலர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா. தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். என் தம்பி அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் ஜோன்சன் சிட்டி என்ற இடத்தில் மேற்படிப்புப் படிக்கிறான். போன கிழமை அவனோடு அறையில் இருக்கும் பையன் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு வட்டோகா என்ற ஏரிப்பக்கம் போயிருக்கிறான். ஒரு நீளமான பாலத்தைத் தாண்டும்போது, "இந்தத் தண்ணிக்கு அடியில பட்லர் என்று ஒரு டவுன் கிடக்கு" என்று சொன்னானாம்.

தம்பி வீடியோவில் அந்த இடத்தைக் காட்டினான். வளைந்து வளைந்து போகும் தண்ணீர், சுற்றிவர மலை, கரையோரம் றோட்டு. தேயிலை இல்லை, அவ்வளவுதான். மற்றபடி நம்ம பழைய மஸ்கெலியா டவுனை மூழ்கடித்த மவுசாக்கலை நீர்த்தேக்கம்தான். அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "அமெரிக்காக்காரனுக்கு எதுக்கு டவுனை முக்கணும்? அவன்கிட்ட இல்லாத கரண்டா?" என்று கேட்டுவிட்டு ரொட்டி சுடப் போய்விட்டார். தம்பி படிப்பது கணினி, அவனுக்கும் பதில் தெரியவில்லை.

அந்த டவுனில் யார் இருந்தார்கள்? எதற்காக மூழ்கடித்தார்கள்? சனம் எங்கே போனது? வறட்சி வந்தால் நம்ம பழைய கோவில் தலைகாட்டுவது மாதிரி அங்கேயும் ஏதாவது தெரியுமா? யாராவது அந்தப் பக்கம் போயிருந்தால் எழுதுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன், பதில் இல்லாமல் போனால் விடமாட்டார்கள்.


நோர்வூட் சேர் எழுதியது:

மலர் மகள், உங்கள் அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. ஆனால் நான் புவியியல் படிப்பித்தவன். படத்தைப் பலகையில் மாட்டாமல் எனக்கு வாய் திறக்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் மூத்த மகள் அந்தப் பக்கத்தில் தாதியாக வேலை செய்கிறாள். பேரன் பிறந்தபோது நானும் வீட்டுக்காரியும் போய்க் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வந்தோம். வீட்டுக்காரிக்குப் பிள்ளை பார்க்கிற வேலை. எனக்கு ஒரு வேலையும் இல்லை. மருமகனைக் கெஞ்சிக் கூத்தாடி ஊர் சுற்றியதில் பட்லரும் பார்த்தேன்.

டென்னஸி கிழக்கு மேற்காக நீட்டிக் கிடக்கிற மாநிலம். அதன் வடகிழக்கு மூலையில் கடைசித் துண்டு ஜோன்சன் கவுன்டி. ஒரு பக்கம் வெர்ஜீனியா, இன்னொரு பக்கம் வட கரோலினா. எல்லாம் அப்பலாச்சிய மலை. கவுன்டியின் தலைமை ஊர் மவுன்டன் சிட்டி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 அடி. மாநிலத்திலேயே உயரமான நகரம் நாங்கள்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள். 4,000 அடியில் கொழுந்துக்கூடை பார்த்து வளர்ந்தவன் சிரிக்காமல் என்ன செய்வான்? ஆனால் குளிரில் அவர்களோடு போட்டிக்குப் போகக்கூடாது. 36 பாகை வடக்கில் இருக்கிற இடம், அங்கே பனி கொட்டும். நம்ம நுவரெலியாப் பனி காலையில் புல்லில் வெள்ளை காட்டிவிட்டு எட்டு மணிக்குக் காணாமல் போகிற பனி.

வட்டோகா ஆறு வட கரோலினாவில் கிராண்ட்பாதர் மலையில் ஊற்றெடுத்து மேற்கே டென்னஸிக்குள் இறங்குகிறது. மவுன்டன் சிட்டிப் பக்கமிருந்து ரோன் கிரீக் என்று ஓர் ஓடை வந்து அதில் விழும். இரண்டும் சேர்கிற இடத்தில் கொஞ்சம் சமவெளி. மலைநாட்டில் சமவெளி கிடைத்தால் யார் விடுவார்கள்? 1820 அளவில் எசக்கியேல் ஸ்மித் என்பவர் ஓடைத் தண்ணீரில் ஓடுகிற மாவு மில் ஒன்றைப் போட்டார். ஊருக்கே ஸ்மித் மில் என்று பெயராகிவிட்டது. பட்லர் என்ற பெயர் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகு வந்தது. ரொடெரிக் பட்லர் என்ற கேர்னலின் பெயர் அது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டென்னஸி மாநிலம் அடிமை முறையை வைத்துக்கொள்ளப் பிரிந்து போன தெற்கோடு சேர்ந்தது. கிழக்கே இருந்த மலைக்காரர்களில் பெரும்பாலானோர் வடக்கின் பக்கம் நின்றார்கள். இந்தப் பட்லரும் வடக்கின் படையில் இருந்தவர், பிறகு வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர். மலையில் இருக்கிறவன் எந்த நாட்டிலும் கீழே இருக்கிறவன் சொல்வதைக் கேட்பதில்லை போலும்.

பிறகு ரயில் வந்தது, மரம் ஏற்றி இறக்க. மலையில் வெட்டின மரம் எல்லாம் இந்த வழியாகத்தான் இறங்கியது. பாப்திஸ்து சபையார் வட்டோகா அகடமி என்று ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்கள், சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். கடைத்தெரு, தேவாலயங்கள், சோளம், புகையிலை. நல்ல காலத்திலும் சனத்தொகை 600க்கு மேலே போகவில்லை என்றுதான் சொல்கிறார்கள். நம்ம பக்கம் ஒரு பெரிய தோட்டத்து ஒரு டிவிஷன் சனம் இருக்குமா? அதற்குள் ஒரு டவுன்!

இப்போது அம்மாவின் கேள்வி. 1933இல் ரூஸ்வெல்ட் காலத்தில் டென்னஸி பள்ளத்தாக்கு அதிகார சபை என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். வெள்ளத்தை அடக்குவது, படகு விடுவது, கரண்ட் எடுப்பது, மூன்றுக்கும். அந்த மலைகளில் அப்போது பல வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். ஆக, இல்லாத கரண்டுதான் அம்மா! 1940 ஓகஸ்டில் கடலிலிருந்து ஏறிவந்த புயல் மலையில் கொட்டித் தீர்த்து வட்டோகா பெருக்கெடுத்தது. பட்லருக்கு வந்த ரயில் பாதையை ஆறு பிய்த்துக்கொண்டு போனது. கம்பனி அதைத் திருப்பிப் போடவேயில்லை. 1941 கடைசியில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும் தொழிற்சாலைகளுக்குக் கரண்ட் தேவை என்று வட்டோகா அணைக்கு அனுமதி கொடுத்தார்கள். 1942இல் தொடங்கி, ஆளும் சாமானும் யுத்தத்துக்கு வேண்டும் என்று அதே வருஷம் நிறுத்திவிட்டார்கள். மறுபடி வேலை தொடங்கியது 1946இல். மண்ணும் கல்லும் கொட்டிக் கட்டிய அணை, 318 அடி உயரம்.

அந்த இடைப்பட்ட வருஷங்களைத்தான் நான் அடிக்கடி யோசிப்பேன். டவுன் போகப்போகிறது என்று தெரியும், எப்போது என்று தெரியாது. கூரைத் தகரம் ஓட்டையானால் புதிதாகப் போடுவதா, சாக்கை வைத்து அடைத்துவிட்டுச் சும்மா இருப்பதா? கடைக்காரன் சாமானை நிறைத்து வைப்பானா? மகளுக்கு அந்த ஊரில் மாப்பிள்ளை பார்ப்பார்களா? இதெல்லாம் எந்த அணைக்கட்டுக் கணக்கிலும் வராது.

1948 டிசம்பர் முதலாம் திகதி கதவுகளை மூடினார்கள். அதற்கு முன்னால் நடந்ததுதான் எனக்கு அதிசயம். சனம் வீட்டை விட்டுப் போகவில்லை, வீட்டையே கொண்டு போனது. அங்கே வீடுகள் பலகை வீடுகள். அத்திவாரத்திலிருந்து ஜாக்கி வைத்து வீட்டை அப்படியே தூக்கி, அடியில் பெரிய மர உத்திரங்களைக் கொடுத்து, லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி உடையாமல் போய்ச் சேர்ந்தது என்று ஒரு கிழவி சொன்னார். எல்லா வீட்டுக்கும் அந்த யோகம் இல்லை. விட்டுப்போன கட்டடங்களை இடித்தும் எரித்தும் இடத்தைத் துப்புரவாக்கினார்கள். பள்ளத்தாக்கு முழுக்க எழுநூற்றுச் சொச்சம் குடும்பங்கள் இடம்மாறின. ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி மேலே மாற்றினார்கள். மேட்டில் எழுந்த புது ஊருக்கு முதலில் கார்டர்வியூ என்று ஒரு பெயர், ஆனால் சனம் பட்லர் என்றே சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: இல்லை மகள், நம்ம பக்கம் மாதிரி வறட்சிக்கு வறட்சி தெரியாது. வட்டோகா ஆழமான ஏரி. 1983இல் அணை வேலைக்காக அதிகார சபையே தண்ணீரை நிறைய இறக்கியது. அப்போது பழைய ஊர்க்காரர்கள் வயதான காலத்தில் இறங்கிப்போய் நடந்தார்கள். தெருவின் தடம், வாசற்படி, அத்திவாரக் கல், மரத்து அடிக்கட்டை, இவ்வளவுதான் இருந்தது. பலகை வீட்டைத்தான் கொண்டு போய்விட்டார்களே, வேறென்ன இருக்கும்? நம்ம மஸ்கெலியாவில் கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் கல்லும் சாந்தும். இழுத்துக்கொண்டு போக முடியாதவை எல்லாம் தண்ணிக்குள்ளேயே நின்றுவிட்டன.

புது பட்லரில் சின்ன மியூசியம் ஒன்று இருக்கிறது. பழைய ஊரின் சாமான், படம், பள்ளிக்கூட நினைவுப் பொருள். 'மூழ்க மறுத்த ஊர்' என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். வருஷா வருஷம் ஓகஸ்டில் பழைய பட்லர் நாள் என்று கூடி, பாட்டும் சாப்பாடுமாக இருப்பார்கள். சோளமாவில் இரும்புச் சட்டியில் சுட்ட ரொட்டியும் அவித்த பயறும் சாப்பிடத் தந்தார்கள். வீட்டுக்காரி கையோடு கொண்டுபோயிருந்த கட்டைச் சம்பலைப் பையிலிருந்து எடுத்தார். நான் கண்ணைக் காட்டித் தடுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத் தண்ணீர் போத்தல் ஒன்றை முழுசாகக் குடித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார்.


ஹட்டன் ரவி எழுதியது:

சேர், அவித்த பயறு என்றால் போஞ்சியா? அங்கேயும் நுவரெலியாக்காரன் மாதிரி போஞ்சி போடுகிறார்களா, இல்லை சும்மா கேட்டேன். இன்று டவுனில் கிலோ விலையைக் கேட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.


நோர்வூட் சேர் எழுதியது:

ரவி தம்பி, நான் சாப்பிட்டது காய்ந்த பயறு. ஆனால் பச்சைப் போஞ்சிக்கும் அந்தக் கவுன்டி பேர் போனதுதான். யுத்தம் முடிந்த பிறகு ஜோன்சன் கவுன்டியில் அவ்வளவு போஞ்சி விளைந்தது, உலகத்தின் போஞ்சித் தலைநகரம் என்று தாங்களே பட்டம் சூட்டிக்கொண்டார்கள். நுவரெலியாக்காரனுக்குச் சொல்லிவிடாதே.


அப்கொட் குமார் எழுதியது:

சேர் எழுதியது எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் வாசிக்க வாசிக்க எனக்கு வயிறு எரிகிறது. வீட்டை லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்களாம். போவார்கள். வீடு அவர்களுடையது, நிலம் அவர்களுடையது, நட்டஈடு கையில். நம்ம ஆட்களிடம் என்ன இருந்தது? லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் 10க்கு 12 அடிக் காம்பரா ஒன்று, அதுவும் கம்பனிக்குச் சொந்தம். ஆணி அடிக்கக்கூடத் துரையைக் கேட்கணும். மவுசாக்கலைத் தண்ணீர் ஏறினபோது தோட்டத்துச் சனத்துக்குக் கொண்டு போக அடுப்புக்கல்லும் சாமிப் படமும்தான் இருந்திருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் சேர்.

இன்னொன்று. அங்கே எல்லோருக்கும் நிலம் இருந்ததா? அமெரிக்காவிலும் கூலிக்கு உழுதவன் இருந்திருப்பானே. அவனுக்கு என்ன கிடைத்தது?


நோர்வூட் சேர் எழுதியது:

குமார், நீ என் வகுப்பில் இருந்திருந்தால் உன்னை முன் வாங்கில் உட்கார வைத்திருப்பேன், அடிக்கடி எழுந்து நின்று கேள்வி கேட்க வசதியாக.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். அதிகார சபை ஆட்கள் வந்து காணியை மதிப்பிட்டு ஒரு விலை சொல்வார்கள். பேரம் கிடையாது. அதுதான் அவர்களின் கொள்கை. ஒத்துக்கொள்ளாவிட்டால் நீதிமன்றம் போகலாம், காணி எப்படியும் போகும். காணி உறுதிப் பத்திரம் கையில் இருந்தவனுக்கு அந்தப் பணம் வந்தது. குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்தவனுக்கு நிலத்துக்கான காசு இல்லை, ஏனென்றால் நிலம் அவன் பெயரில் இல்லை. அவன் சாமானை ஏற்றிக்கொண்டு அடுத்த பள்ளத்தாக்கில் வேறொருவன் காணியில் இறங்கினான், இல்லாவிட்டால் தொழிற்சாலை நகரத்துக்குப் போனான். மியூசியத்தில் படம் மாட்டப்பட்டிருப்பது பெரும்பாலும் வீட்டை இழுத்துக்கொண்டு போனவர்களுடையது. அதைப் பார்க்கும்போது எனக்கும் இது தோன்றியது. சொன்னால் விருந்தாளி மரியாதை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

முதலாவது விஷயத்தில் நீ சொல்வதை விட நான் ஒரு படி மேலே போகிறேன். 1948 டிசம்பர் முதலாம் திகதி பட்லர் தண்ணிக்குள் போனது என்று எழுதினேன் அல்லவா? அதே வருஷம் நவம்பர் 15ஆம் திகதிதான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. இரண்டு கிழமைதான் வித்தியாசம்: அங்கே 600 பேர் ஊரை இழந்தார்கள், இங்கே நம்ம தோட்டத்துச் சனம் லட்சக்கணக்கில் பிரஜாவுரிமை இல்லாமல் நாட்டையே இழந்தது. அடுத்த வருஷம் வாக்கும் போனது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பியது, அதற்கடுத்த தேர்தலில் ஒருவரும் இல்லை.

பட்லர்க்காரன் கோபம் வந்தால் காங்கிரஸ் உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம், அடுத்த தேர்தலில் அவனைக் கவிழ்க்கலாம். அணையை நிறுத்த முடியவில்லை என்பது வேறு கதை. எழுத ஒரு முகவரி இருந்தது. காசல்ரீ அணை 1965, மவுசாக்கலை 1969. அந்தக் காலத்தில்தான், 1964இல், இலங்கை இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். கப்பல் வருமா, பாஸ்போர்ட் வருமா, அண்ணன் அங்கே தம்பி இங்கேயா என்று பதறிக்கொண்டிருந்தவனிடம் போய் டவுனுக்குத் தண்ணீர் வரப்போகிறது என்றால் அவன் எந்த அலுவலகத்தில் போய் நிற்பான்? இந்த இழுபறி தீர 2003 வரை சட்டம் மேல் சட்டம் போட வேண்டியிருந்தது.

ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்கிறாய். வைத்துப் பார்த்தால்தான் எது எவ்வளவு கனம் என்று தெரியும், அதனால்தான் வைத்தேன்.


பழைய பஜார் எழுதியது:

மலர் தங்கச்சி, நான் இப்போது வத்தளையில் இருக்கிறேன். பிறந்தது பழைய மஸ்கெலியா டவுனில். தண்ணீர் வரும்போது நான் சின்னப் பிள்ளை, எனக்கு ஞாபகம் இருப்பதில் பாதி அப்பா சொன்னதுதான்.

அப்பா பஜாரில் தையல் கடை வைத்திருந்தார். தோட்டத்து ஆட்கள் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு வந்து துணி எடுத்துத் தைக்கக் கொடுப்பார்கள். தீபாவளிக்கு முன்னால் விடிய விடிய மிஷின் ஓடும். கடை நம்முடையது இல்லை, வாடகை. குமார் தம்பி கேட்டாரே, டவுனிலும் அப்படித்தான், கட்டடக்காரருக்கு ஒரு கதை, வாடகைக்கு இருந்தவருக்கு ஒரு கதை. தையல் மிஷினின் தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றி அப்பா தோளில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். மிஷினின் கால் பகுதியைப் பிறகு இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். புது டவுனில் கடை கிடைக்கும்வரை லயத்து இஸ்தோப்பு என்கிற முன் விறாந்தையில் மிஷினைப் போட்டுத் தைத்தார். அந்த மிஷின் இன்னும் என்னிடம் இருக்கிறது. வார் மாற்றினால் ஓடும்.

அப்பா இருந்தவரை நல்லதண்ணி பஸ்ஸில் போனால் ஜன்னல் பக்கம்தான் உட்காருவார். சீசனில் சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிற சனம் கோஷம் போட்டுக்கொண்டு வரும், இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "அந்தா அந்த முனைக்கு நேரா கீழே பாபர் சலூன், அதுக்கு இந்தப் பக்கம் நம்ம கடை" என்பார். கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம். பக்கத்துச் சீட்டுக்காரர்களுக்கும் சொல்லுவார், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

தண்ணீர் வற்றினபோது ஒரு தரம் இறங்கிப்போனேன். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. செருப்பு நடுவில் மாட்டிக்கொள்ளும். கோவில் கல்லைத் தொட்டால் வழுவழுப்பு, பாசி காய்ந்து தோல் மாதிரி உரிந்தது. யாரோ கற்பூரம் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். பள்ளிவாசல் பக்கம் ஒரு குடும்பம், தாத்தாவோடு வந்திருந்தது. அந்தத் தாத்தாவும் எங்கப்பாவைப் போலவே கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். போன்காரப் பொடியன்கள் விகாரைப் பக்கம் நின்று படம் எடுத்தார்கள். கரையில் ஐஸ்கிறீம் வண்டி வேறு.

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு: பழைய கோவில் தெரிந்தால் மெழுகுதிரி வாங்கி வை. தண்ணீர் அவ்வளவு இறங்கிவிட்டால் கரண்ட் வெட்டும் வரும் என்று கணக்கு. கரண்டுக்காகப் போன டவுன், கரண்ட் போகிற நேரத்தில்தான் முகம் காட்டுகிறது. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், சிரிப்பார்.


மவுசாக்கலை மலர் எழுதியது:

அக்கா, அம்மா சிரிக்கவில்லை. "அந்தத் தையல் கடையா?" என்றார். தீபாவளிச் சட்டை தைக்கக் கொடுத்ததாம், பொத்தான் துளை அடிக்காமல் கொடுத்துவிட்டாராம் உங்கப்பா. வேறு கடையாகவும் இருக்கலாம், அப்போது அங்கே தையல் கடைகள் எத்தனை என்று எனக்கென்ன தெரியும். உங்களோடு பேசணும் என்கிறார், தனிச்செய்தியில் இலக்கம் அனுப்புகிறேன்.

சேர், மிக்க நன்றி. பிள்ளைகளுக்கு இரண்டு ஆற்றையும் பலகையில் வரைந்து காட்டப்போகிறேன். அங்கே வட்டோகாவும் ரோன் கிரீக்கும், இங்கே மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும். இன்னும் ஒரு உதவி. தம்பியிடம் கார் இல்லை. திரும்ப ஒரு தரம் போய் மியூசியம் பார்க்கணும் என்கிறான். பஸ் இருக்கிறதா?


நோர்வூட் சேர் எழுதியது:

பஸ்ஸா! ஹட்டன் ஸ்டாண்டில் நின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்க மலையில் இதுதான் முதல் அடி. பட்லருக்கு நம்ம ஊர் மாதிரி ஏறி உட்கார்ந்து போகிற பஸ் எதையும் நான் காணவில்லை. கார் வைத்திருக்கிற அந்தக் கூட்டாளியைத்தான் தம்பி மறுபடி பிடிக்கணும். பெற்றோல் காசைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், சும்மா ஏறக்கூடாது.

ஜோன்சன் சிட்டியிலிருந்து எலிசபெத்டன், ஹாம்ப்டன் தாண்டி 67ஆம் இலக்க றோட்டில் ஏரிக்கரையோடு போகணும். ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி தாண்டிய பாலம் அநேகமாகப் பட்லர் நினைவுப் பாலம். எலிசபெத்டனில் சிக்கமோர் ஷோல்ஸ் என்று ஆற்றங்கரையில் ஒரு இடம் வரும், 1780இல் மலைக்காரர்கள் துவக்கோடு கூடி ஆங்கிலேயர் பக்கத்தை அடிக்க மலை தாண்டிப் போனது அங்கிருந்துதான். போகிற வழி, இறங்கிப் பார்க்கலாம். அணைக்கட்டைத் தனியாகப் பார்க்கணும் என்றால் ஹாம்ப்டனிலேயே விசாரிக்கணும், அது பட்லரிலிருந்து தள்ளி, கீழ்ப்பக்கம். அணை மேலால் அப்பலாச்சிய நடைபாதை போகிறது, ஜோர்ஜியாவிலிருந்து மெயின் வரை நடந்தே போகிற பைத்தியங்களை மூட்டை முடிச்சோடு காணலாம்.

மியூசியம் எல்லா நாளும் திறந்திருக்காது, போகுமுன் போன் பண்ணிக் கேட்கச் சொல்லுங்கள். ஓகஸ்டில் பழைய பட்லர் நாளுக்குப் போனால் ஊர்க்கிழடுகள் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். மவுசாக்கலைப் படம் இரண்டு மூன்றைப் போனில் வைத்துக்கொண்டு போகட்டும். தண்ணீருக்குள் நிற்கிற கோவில் படத்தை நான் காட்டியபோது என்னை ஒரு மணி நேரம் எழும்ப விடவில்லை. சம்பல் கொண்டு போவது அவரவர் துணிவு.